பரப்பளவு சொல்லாதது

'வனப்பரப்பு குறையவில்லை' என்கிற அரசு அறிக்கையை மறுக்கும்போது நாமும் பரப்பளவைத்தான் பிடித்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒரு கணக்கு. ஒரே சதுரமாக 100 ஹெக்டேர் காடு; சுற்றளவு 4 கிலோமீட்டர். அதையே ஒவ்வொரு ஹெக்டேராக நூறு சதுரத் துண்டு போட்டால் பரப்பு மாறாது, விளிம்பு மட்டும் 40 கிலோமீட்டர் ஆகிவிடும். விளிம்பிலிருந்து 50 மீட்டர்வரை வெயிலும் காற்றும் புகும் என்று வச்சுக்குவோம். முதல் காட்டில் 81 ஹெக்டேர் உள்காடு மிஞ்சும். இரண்டாவதில் ஒண்ணுமே மிஞ்சாது. விளிம்பைப் பற்றிப் பேசியே பழகிய நமக்கு இது கொஞ்சம் இடிக்கும்: காட்டில் விளிம்பு நீண்டால் காடு சாகிறது என்று பொருள்.

துண்டுகளின் எண்ணிக்கை, சராசரி அளவு, விளிம்பின் நீளம், உள்காடு, துண்டுகளுக்கு இடையிலான தூரம் - நிலப்பரப்பின் வடிவத்தை அளப்பது என்பது இவ்வளவுதான். வெவ்வேறு ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களில் இவற்றை ஒப்பிட்டால் காடு உடைந்த விதம் தெரியும். வால்பாறையில் தேயிலைக்கு நடுவே சிதறிக் கிடக்கும் மழைக்காட்டுத் துண்டுகளை இப்படித்தான் வாசிக்க முடியும்.

ஆனால் அளவுகோலும் அப்பாவி அல்ல. இந்திய வன அளவை நிறுவனத்தின் 1987 அறிக்கையில் 400 ஹெக்டேருக்குக் குறைந்த காடு வரைபடத்தில் ஏறவே இல்லை. 2001 முதல் 1 ஹெக்டேரே போதும். 10 சதவீத மரக்கவிகை இருந்தால் தோட்டமும் காடுதான். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் காடு வளர்ந்தது என்று யாராவது சொன்னால், வளர்ந்தது காடா, பார்வையின் கூர்மையா?

ஆகவே எவ்வளவு காடு என்பதோடு நிறுத்தாமல் எத்தனை துண்டாக, எந்த அளவுகோலில், எதைக் காடு என்று வைத்து என்றும் கேட்டாக வேண்டும்.