மரபுரிமையாய் வந்த லீ-என்ஃபீல்டு: இனங்காணலும் மதிப்பிடலும்

பிரித்தானியாவிலும் ஆத்திரேலியாவிலும் கனடாவிலும், வீட்டு முதியவர் மறைந்தபின் உடைமைகளைப் பங்கிடுவோர் பரணிலோ அலமாரியின் பின்புறத்திலோ எண்ணெய்த் துணி சுற்றிய நெடிய துப்பாக்கி ஒன்றைக் கண்டெடுப்பது அரிதன்று. பெரும்பாலும் அது லீ-என்ஃபீல்டாகவே இருக்கும். நம் காவலர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று வழங்கிப் பல தலைமுறையாகத் தோளில் சுமந்ததும் இதே இனத்தைத்தான். கண்டெடுத்தவர் உடனே உப்புத்தாளை எடுத்துத் துருவைத் தேய்க்கத் தொடங்குவார். அந்தத் தேய்ப்பில் துருவோடு துப்பாக்கியின் அடையாளமும் விலையும் சேர்ந்தே உதிர்ந்துவிடும். தோட்டா அறை வெறுமையாய் உள்ளதா என்று அறிந்தவரைக் கொண்டு உறுதி செய்துகொள்வதே முதற்கடமை. அதன்பின் வேண்டியவை நல்ல வெளிச்சமும் ஓர் உருப்பெருக்கியும்.

குழலிலிருந்து தொடங்கலாம். குண்டு காற்றில் தலைகுப்புறப் புரளாமல் நேரே செல்ல வேண்டுமானால், அது தன் அச்சில் சுழல வேண்டும். அதற்காகவே குழலின் உட்சுவரில் திருகாக வரிப்பள்ளங்கள் வெட்டப்படுகின்றன. பிரித்தானியப் படை 1888இல் ஏற்ற லீ-மெட்ஃபோர்டில் அப்பள்ளங்கள் ஏழு. ஆழம் குறைந்து, விளிம்பு மழுங்கி, கசடு மிகுந்த கருமருந்துக்கு ஏற்ப அமைந்தவை. அடுத்து வந்த கார்டைட்டு, வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும் கலந்தது. கசடு குறைவு, வெப்பமோ மிகுதி. அவ்வெப்ப வளி மெட்ஃபோர்டின் மெல்லிய வரிகளை விரைவில் அரித்துவிட்டது. ஆகவே, இலண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டிலிருந்த அரசுத் தொழிற்சாலை விளிம்பு கூரிய ஐந்து பள்ளங்களை வகுத்தது. சேம்சு பாரிசு லீ என்பார் அமைத்த தாழும் தோட்டாப் பெட்டியும் மாறவில்லை. 1895இல் பெயர் மட்டும் லீ-என்ஃபீல்டு ஆயிற்று. இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில் இரண்டே பள்ளங்கள் கொண்ட குழல்களும் வந்தன. தாழைக் கழற்றிவிட்டுப் பின்புறமிருந்து நோக்கி எண்ணினால், வெடிமருந்து வேதியியலின் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது அக்குழல் என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது முத்திரை. கைப்பிடிக் கழுத்தைச் சூழ்ந்த எஃகு வளையத்தின் வலப்புறத்தில் மேலிருந்து கீழாக மணிமுடி, அரசர் பெயரெழுத்து, ஆலைப்பெயர், ஆண்டு, வகை எனப் பொறித்திருப்பர். 1907இல் வந்த மூன்றாம் வகையில், தோட்டாப் பெட்டியை மறைக்கும் தகடும், ஈராயிரம் கெசத்துக்கு அப்பாலும் குறிவைக்க இடப்புறத்தில் தனிக்குறிகாட்டியும் இருந்தன. முதல் உலகப்போரில் ஆக்கத்தை விரைவுபடுத்த இவற்றை நீக்கினர். நீக்கியதற்கு அடையாளமாக வகை எண்ணின் அருகே ஓர் உடுக்குறி சேர்ந்தது. அகன்ற அம்பு அரசுடைமையைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை நோக்கி நின்றால், படை அதனை விற்றுவிட்டது என்று பொருள். ‘சி’ எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா. கொல்கத்தாவை அடுத்த ஈசாப்பூர் ஆலையின் துப்பாக்கிகளில் விடுதலைக்குப்பின் மணிமுடி மறைந்து அசோகச் சிங்கங்கள் ஏறின.

பொய் முத்திரைகளும் உண்டு. கைபர் கணவாய்ப் பகுதியின் கொல்லர்கள் கையாலேயே இத்துப்பாக்கியைப் படியெடுத்தனர். அவர்தம் கைத்திறன் வியப்புக்குரியது; எழுத்தறிவுதான் கைவிட்டது. ஆங்கில ‘என்’ இடவலம் மாறி நிற்கும். விக்டோரியா அரசியின் ‘வி.ஆர்.’ எழுத்துகளுக்குக் கீழே 1910 என்று ஆண்டு இருக்கும்; அரசி மறைந்ததோ 1901இல். அத்தகைய துப்பாக்கியைச் சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது. அதன் எஃகின் தரம் எவருக்கும் தெரியாது.

விலையைத் தீர்மானிப்பதில் முதன்மையானது வரிசை எண். தாழின் கைப்பிடியிலும், குழலிலும், குழலைப் பற்றும் உடற்பகுதியிலும், குழல் வாயருகே உள்ள மூக்குக் கவசத்திலும் ஒரே எண் இருப்பின், ஆலையில் பொருத்திய உறுப்புகள் பிரியாமல் வந்தவை எனலாம். படைக் கொல்லர் பழுது நீக்கும்போது பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புது எண் பொறிப்பதும் வழக்கம். அது மோசடியன்று, பணிவரலாறு. அரத்தால் தேய்த்துவிட்டுப் பொறித்த எண்தான் மோசடி. அதையும் அறிவியல் காட்டிக்கொடுக்கும். எண்ணச்சை ஓங்கி அடிக்கையில் பள்ளத்துக்கு அடியிலுள்ள எஃகின் நுண்படிகங்களும் நசுங்குகின்றன. மேற்பரப்பைத் தேய்த்து அகற்றினாலும் அந்நசுக்கம் உள்ளே எஞ்சும். தடயவியல் ஆய்வகத்தார் அவ்விடத்தைப் பளபளப்பாக்கி, செப்புக் குளோரைடு கலந்த அமிலத்தை ஒற்றுவர். நசுங்கிய படிகமும் நசுங்காத படிகமும் வெவ்வேறு விரைவில் கரைவதால், மறைந்த எண் மங்கலாய் மேலெழும்.

மேற்பூச்சும் இத்தகைய சான்றே. எஃகின் மீதுள்ள கருநீலப் படலம் பெரும்பாலும் மேக்னடைட்டு என்னும் இரும்பு ஆக்சைடு. ஒட்டி நின்று காக்கும். செந்துருவோ பொருக்காய் உதிர்ந்து ஈரத்தை உள்ளே விடும். மெல்லிய எண்ணெயும் மென்துணியும் கொண்டு செந்துருவைத் தடுத்து நிறுத்தினால் போதும். கம்பித் தூரிகையும் புதுப்பூச்சும் ஏலக்காரர் முகத்தைச் சுளிக்க வைக்கும். குழலின் உள்ளே அரிப்புக் குழிகள் தெரிந்தால் அதற்கும் காரணம் உண்டு: பழைய தோட்டாக்களின் தீமூட்டியில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு, எரிந்தபின் குளோரைடு உப்பாகப் படிந்து ஈரத்தை ஈர்த்தது. அவ்வுப்பு எண்ணெயில் கரையாது. ஆகையால் படைவீரர்கள் சுட்டபின் குழலில் கொதிநீர் ஊற்றினர். ஊற்றாத சோம்பேறி யார் என்பதை மட்டும் துப்பாக்கி சொல்லாது.

போருக்குப்பின் வேட்டைக்காக முன்கட்டையை அறுத்துக் குறுக்கியவை ஏராளம். அவற்றின் விலை தாழ்வு. மாறாக, நான்காம் வகையில் தொலைநோக்கி பொருத்திய மறைசுடுநர் துப்பாக்கி பன்மடங்கு விலை பெறும். அதன் உடலில் ‘டி’ (T) எழுத்தும், கட்டையின் கழுத்தில் தொலைநோக்கியின் எண்ணும் இருக்க வேண்டும். தொலைநோக்கியில் உள்ள எண் அதனோடு ஒத்துவராவிட்டால் பன்மடங்கு விலை கேட்பவரை நம்பவேண்டா. வெறும் ‘டி’ எழுத்தை எவரும் பொறித்துவிடலாம்.

எத்துணை அழகாயினும், தாழுக்கும் தோட்டா விளிம்பு தங்கும் இடத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளவுகோலிட்டுப் பாராமல் சுடலாகாது. ‘டி.பி.’ (DP) என்று பொறித்தவை அணிவகுப்புப் பயிற்சிக்கு உரியவை, சுடுவதற்கு அல்ல. நம் நாட்டில் .303 தடைசெய்யப்பட்ட குழலளவு. உரிமம் பெற்றவர் மறைந்தபின் அவர் வைத்திருந்த எந்தத் துப்பாக்கி கைக்கு வந்தாலும், விலை கேட்கப் புறப்படும் முன் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.