பழைய பாட்டரிகளும் குடியானவர் கடமையும்

டிராக்டர் பாட்டரி ஓய்ந்ததும் சிலர் அதை உடைத்து, ஈயத்தை விற்று, திராவகத்தைக் கிணற்றோரம் கொட்டிவிடுகின்றனர். இது பெருங்கேடாம். கந்தகத் திராவகம் கண்ணையும் தோலையும் பொசுக்கும். அதனுடன் செல்லும் ஈயம் மண்ணில் நெடுங்காலம் தங்கும்; குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும்; கால்நடைகளுக்கும் நஞ்சாகும்.

2001-ஆம் வருஷத்து விதிகள் ஈயப் பாட்டரிகளுக்கு மட்டுமே உரியவையாயிருந்தன. 2022 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் பிறப்பித்த விதிகளோ வீட்டுப் பாட்டரிகளையும் உள்ளடக்கும். பழையவற்றைச் சேகரித்துப் புதுப்பிக்கச் செய்தல் உற்பத்தியாளர் பொறுப்பு. குப்பையுடன் கலவாது தனியே ஒப்படைத்தல் உபயோகிப்பவர் கடமை.

ஆகவே குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பாட்டரியைத் திறவாமல், சாய்க்காமல், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

2. காந்திபுரம் கடைகளிலோ வேறிடத்திலோ புதியது வாங்குங்கால், பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளக் கேட்கவும்.

3. டார்ச்சு விளக்குக் கட்டைகளை எருக்குழியில் இடலாகாது. அவ்வெரு வயலுக்கே திரும்பும்.

4. கைபேசிப் பாட்டரியைக் குத்தவோ எரிக்கவோ கூடாது, தீப்பற்றும்.