பழைய கம்ப்யூட்டருக்கு மறுவாழ்வு

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து என்னென்னவோ இறங்கும். மயூர் விஹாரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வீட்டில் இறங்கியது, பள்ளி ஏலத்தில் எடுத்த ஒரு பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர். கூடவே ஒரு கேசட். எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்தில் அவர் ஒவ்வொன்றாக அமைத்த தமிழ் எழுத்துகள் அதில் இருந்தன. வேறு பிரதி கிடையாது. பேரனுக்குக் காட்டும் ஆசையில் ஸ்விட்சைப் போட்டார். சிறிது நேரத்தில் 'பட்' என்று ஒரு சத்தம்; அறை முழுக்கக் காரமான புகை. "கபாடிவாலாவிடம் போட்டுவிடட்டுமா?" என்று போனில் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கள் சார்" என்றேன்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஏகார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட இயந்திரம் இது. 1984-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தது இதுதான். இதன் நினைவகம் 32 கிலோபைட். இன்றைய செல்போனில் எடுக்கும் ஒரே படத்துக்கு இதைப்போல நூறு மடங்கு தேவைப்படும். ஆனால் அந்தச் செல்போனில் உள்ள 'ஆர்ம்' பிராசசரின் பூர்வீகமும் இதே ஏகார்ன்தான்!

புகைக்குக் காரணம் வயோதிகம். மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்டக் காகிதத்தாலான கபாசிட்டர்கள் உண்டு. நாளடைவில் அவற்றின் மேலுறையில் மயிரிழை விரிசல் விழும். டில்லியின் மழைக்கால ஈரம் அதன் வழியே உள்ளே இறங்கும். பல வருடம் கழித்து 230 வோல்ட் பாய்ந்தால் சூடேறி வெடிக்கும். பெரும்பாலும் மற்ற பாகங்களுக்குச் சேதம் இராது.

ஆகவே முதல் விதி: பரணிலிருந்து இறக்கியதும் ஸ்விட்சைப் போடாதீர்கள். பவர் சப்ளை பெட்டியில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். பழக்கமில்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். தொலைக்காட்சி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். அதே அளவுள்ள, 'எக்ஸ்2' என்று அச்சிட்ட புதிய கபாசிட்டர்கள் செங்கோட்டை எதிரே லஜ்பத்ராய் மார்க்கெட்டில் கிடைக்கும். விலை அற்பம்.

மாற்றியதும் நேராக மின்சாரம் கொடுக்காமல், 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்துப் பார்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய உத்தி. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். கம்ப்யூட்டர் போர்டை இணைக்கும் முன், கார் பல்பு ஒன்றைச் சுமையாக மாட்டி, 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள்.

அடுத்து காதைத் தீட்டுங்கள். ஒரு தாழ்ந்த ஒலியும் தொடர்ந்து ஒரு சிறு உயர்ந்த ஒலியும் கேட்டால் இயந்திரம் விழித்துவிட்டது. தாழ்ந்த ஒலி நிற்காமல் கேட்டால் பிராசசர் ஓடவில்லை. சாக்கெட்டில் செருகிய ஐ.சி.க்களின் கால்களில் களிம்பு ஏறியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, ஒவ்வொன்றாக நிதானமாகக் கழற்றித் துடைத்து, திசை மாறாமல் திரும்பச் செருகினால் பாதி நோய் தீரும். ஆசிரியரின் கம்ப்யூட்டருக்கும் இதே வைத்தியம்தான் பலித்தது.

கேசட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பழைய டேப்ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் பிசினாகி நாடாவைச் சிக்கவைத்துவிடும். புது பெல்ட் போட்டு, வேண்டாத பாட்டுக் கேசட் ஒன்றை ஓட்டிப் பார்த்த பிறகே அசலைப் போட்டோம். கேசட்டில் இருப்பது வெறும் ஒலிதான். எனவே முதலில் அதை இன்றைய கம்ப்யூட்டரில் பாட்டைப்போலப் பதிவு செய்துகொண்டோம். இனி நாடா அறுந்தாலும் கவலையில்லை.

பிறகு பழைய இயந்திரத்தில் ஏற்றினோம். இரண்டாம் முறை தப்பில்லாமல் ஏறியது. திரையில் 'அ' எழுந்தது. "தாத்தா, இதை நீங்களா வரைந்தீர்கள்?" என்று பேரன் கேட்டான். ஆசிரியரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

உங்கள் பரணிலும் இப்படி ஏதேனும் இருக்கலாம். கபாடிவாலாவைக் கூப்பிடும் முன் ஒருமுறை பாருங்கள்.