கேட்டு வாங்குவதா மன்னிப்பு?



சமுதாயத்தில் அமைதி நிலவப் பெரிதும் உதவுவது தண்டனையா, மன்னிப்பா? இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவி ஒரு கேள்வி கேட்டாங்க. "உங்க பிள்ளை மண்டையை ஒருத்தன் உடைச்சுட்டா, மன்னிச்சு அனுப்பிடுவீங்களா பேராசிரியரே?" சத்தியமா மாட்டேன்! (சிரிப்பு) வயூ மக்களும் மாட்டாங்க.

யார் இந்த வயூ? தென் அமெரிக்காவின் வடகோடியில், கரீபியன் கடலுக்குள் நீண்டு கிடக்கிற வறண்ட பூமி குவாஹிரா தீபகற்பம். பெரும்பகுதி கொலம்பியா, மீதி வெனிசுவேலா. அங்கே வாழ்கிற பழங்குடிகள் இவர்கள். 2018 கணக்கெடுப்பின்படி கொலம்பியாவில் மட்டும் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். குலம் தாய்வழியிலே வரும். குடும்பத்தில் பெரிய அதிகாரம் யாருக்கு? தாய்மாமனுக்கு! தாய்மாமன் அருமை உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?

அங்கே ஒருவன் தப்பு செய்தால் அது அவன் ஒருவன் தப்பு இல்லை. அவனுடைய தாய்வழிச் சொந்தம் முழுவதற்கும் பொறுப்பு உண்டு. பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன செய்யும்? அரிவாளைத் தூக்காது. ஒரு பெரிய மனிதரை அழைக்கும். அவருக்குப் பெயர் புச்சிபுய். நம்ம பிச்சிப்பூ மாதிரி காதில் விழுகிறதா? (சிரிப்பு) ‘சொல்லைச் சுமப்பவர்’ என்று பொருள். கையில் ஆயுதம் கிடையாது, ஒரு கம்பு மட்டும். எதிர்க் குடும்பத்திடம் போவார், நடந்ததைச் சொல்வார், இவர்கள் கேட்கும் ஈட்டைச் சொல்வார். பதிலை வாங்கிக்கொண்டு திரும்புவார். மறுபடி போவார்.

நடுவர் அவர்களே, இதைக் கவனிக்கணும். அவர் நீதிபதி அல்ல. தீர்ப்பே சொல்ல மாட்டார்! இரண்டு குடும்பமும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு. அதன் பிறகு மாடு, ஆடு, விலை உயர்ந்த கல்மாலை எல்லாம் கைமாறும். குற்றவாளியின் சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தன் பங்கைக் கொண்டுவந்து சேர்ப்பார். அப்புறம் இரு குடும்பமும் கூடும் நிகழ்ச்சியிலே சமாதானம். இந்த முறையை 2010-ஆம் ஆண்டு யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. (கைதட்டல்)

"ஆட்டைக் கொடுத்தால் கொலை கழுவிப் போகுமா?" என்று கேட்பீர்கள். ஐயா, அது உயிருக்கு விலை இல்லை. ‘எங்கள் பிள்ளை செய்தது தப்பு, உங்கள் இழப்பு பெரியது’ என்று ஒரு குலமே ஊரறிய ஒப்புக்கொள்வதற்கு அடையாளம். அடுத்த முறை அவன் கை ஓங்கும்போது, ஆட்டைப் பறிகொடுத்த அத்தனை மாமன்மாரும் அந்தக் கையைப் பிடிக்க மாட்டார்களா?

குறை இல்லையா? உண்டு. மறைக்க மாட்டேன். செல்வாக்கான குடும்பத்துக்கு ஈடு கூடுதல், எளிய குடும்பத்துக்குக் குறைவு என்ற நிலை அங்கேயும் இருக்கிறது. பேச்சு முறிந்தால் தலைமுறைப் பகையாக மாறுவதும் உண்டு.

ஆனாலும் அந்தப் பகையிலே கூட ஒரு எல்லை உண்டு. பெண்கள் மேல் கை வைக்கக் கூடாது. சண்டைக்கு நடுவிலும் பெண்கள் போய் இறந்தவர் உடலை எடுத்து வரலாம்.

அந்த எல்லையும் ஒருநாள் உடைந்தது. 2004 ஏப்ரல் 18. பாஹியா போர்த்தெத்தே என்ற கடற்கரை ஊருக்குள் ஆயுதம் ஏந்திய துணை ராணுவக் கும்பல் புகுந்தது. குறைந்தது ஆறு பேரைக் கொன்றது; அவர்களில் நான்கு பேர் பெண்கள். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி வெனிசுவேலாவின் மரகைபோ நகருக்கு ஓடினார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்தச் சொல்லைச் சுமப்பவர் யார் வீட்டுக்குப் போவார்? தப்பை ஒப்புக்கொள்ள ஆளே வராத இடத்தில் மன்னிப்பை எங்கே வைப்பது? அங்கேதான் அரசும், நீதிமன்றமும், மனித உரிமைச் சட்டமும் வேண்டியிருக்கிறது. எதிரணிக்கு இந்த இடத்தை நான் மனதார விட்டுக்கொடுக்கிறேன். (கைதட்டல்)

ஆனால் தண்டனை மட்டும் போதுமா? குற்றவாளியைச் சிறைக்குள் தள்ளிவிடலாம். இழந்தவள் வாசலுக்கு வந்து, "தப்பு எங்களுடையது" என்று யார் சொல்வது? வயூ சொல்கிற மன்னிப்பு ஏமாளியின் மன்னிப்பு இல்லை. பாதிக்கப்பட்டவன் நியாயத்தைக் கேட்கணும், தப்பு செய்தவன் பக்கம் ஒப்புக்கொண்டு ஈடு செய்யணும், அதற்கப்புறம்தான் மன்னிப்பு. அப்படி வருகிற மன்னிப்பே நிலைக்கும்.