நீர்மேல் ஒரு குடும்ப விடுமுறை

பள்ளி விடுமுறை நெருங்கியதும், எங்கே செல்வது என்னும் கேள்வி நம் இல்லங்கள் தோறும் எழுகின்றது. சிலர் உற்றார் உறவினரை நாடிச் செல்வர். சிலர் வேளாங்கண்ணிக்கோ பூண்டிக்கோ திருயாத்திரை மேற்கொள்வர். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, கேரளத்தின் ஆலப்புழையில் படகு வீடு ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, ஓரிரு நாள்களை நீரின்மேல் கழித்து வருவதும் இக்காலத்தில் வழக்கமாகி வருகின்றது. அத்தகைய விடுமுறை நமக்கு எதைத் தருகின்றது, நம்மிடம் எதை எதிர்பார்க்கின்றது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஆணியின்றிக் கட்டிய வள்ளம்

ஆலப்புழை, கோட்டயம், எறணாகுளம் மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடப்பது வேம்பநாட்டுக் காயல். அதன் தென்புறத்தே அமைந்ததே குட்டநாடு. பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய ஆறுகள் வந்து சேரும் இந்நாட்டில், கடல்மட்டத்தினும் தாழ்ந்த நிலத்தில் நெல் விளைகின்றது. படகில் இருந்து நோக்கினால், நாம் செல்லும் வாய்க்காலைவிட வயல் தாழ்ந்திருப்பதைக் காணலாம். வரப்புகளைக் கட்டி, உள்ளிருக்கும் நீரை இறைத்து, உழவர் பெருமக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் நிலம் இது.

அந்நெல்லைக் கொச்சித் துறைமுகத்திற்குச் சுமந்து சென்றவையே கெட்டுவள்ளங்கள். குமரி மாவட்டத்தார் அயினி என்றழைக்கும் மரத்தின் பலகைகளை, ஓர் ஆணியும் அறையாது, தென்னங்கயிற்றினால் இறுகத் தைத்து இவ்வள்ளங்களைக் கட்டினர். முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுத்த கரிய எண்ணெயைப் பூசி, மரம் நீரில் கெடாதவாறு காத்தனர். சாலைகளும் பாலங்களும் பெருகவே, நெல் லாரிகளில் ஏறிற்று. வள்ளங்கள் வேலையின்றி நின்றன. 1990-களின் தொடக்கத்தில் அவற்றின்மேல் மூங்கிலாலும் பாயாலும் கூரை வேய்ந்து, படுக்கையறையும் அடுக்களையும் அமைத்துப் பயணியரை ஏற்றத் தொடங்கினர். அன்று முதல் அவை படகு வீடுகளாயின.

ஒரே கூரையின்கீழ்

பெரும்பாலான படகு வீடுகள் நண்பகலில் புறப்படும். மாலை ஐந்தரை மணியளவில் ஏதேனும் ஒரு கரையில் கட்டப்பட்டுவிடும். இரவில் மீனவர் வலை விரிப்பதால், அவர்தம் வலைகள் அறுபடாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே மாலை முதல் மறுநாள் காலை வரை, குடும்பத்தினர் அனைவரும் ஒரே தளத்தில் ஒருவரோடொருவர் இருந்தே ஆக வேண்டும்.

இதுவே இவ்விடுமுறையின் பெரும் பேறு. நம் வீடுகளில் தந்தை ஒரு நேரத்தில் உண்கிறார். பிள்ளைகள் மற்றொரு நேரத்தில் உண்கின்றனர். தாயோ அனைவரும் எழுந்த பின்னரே அமர்கிறார். கைப்பேசி ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மூலைக்கு இழுத்துச் செல்கின்றது. படகிலோ அடுக்களைப் பணியைப் படகுப் பணியாளர் ஏற்றுக்கொள்வதால், தாயும் பிள்ளைகளோடு முதற் பந்தியிலேயே அமர இயலும். பாட்டனார் தம் இளமைக் காலத்துக் கதைகளைச் சொல்லவும், பேரப்பிள்ளைகள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்கவும் நேரம் கிடைக்கின்றது. உடன் வந்த நண்பர் குடும்பத்தாரோடு இருந்த சிறு மனத்தாங்கலும், ஒரே மேசையில் மூன்று வேளை உண்டபின் தானே கரைந்துபோவதுண்டு.

இங்ஙனம் நெருங்கி இருத்தல் சில வேளை உரசலையும் தோற்றுவிக்கலாம். எந்த அறை எவருக்கு, எவர் எவ்வளவு பணம் தருவது என்பனவற்றைப் புறப்படுமுன்னரே பேசி முடிவு செய்துகொள்வது நன்று. மது அருந்துவதற்கென்றே சிலர் படகு ஏறுகின்றனர் என்பது வருந்தத்தக்க உண்மை. பெண்களும் குழந்தைகளும் விலகிச் செல்ல இடமில்லாத படகில், ஒருவரது குடிவெறி அனைவரது விடுமுறையையும் கெடுத்துவிடும். நீரின் நடுவே அது உயிருக்கும் ஆபத்தாகும்.

கைனகரி மக்களுக்கு ஒரு மடல்

படகு வீடுகள் கடந்து செல்லும் ஊர்களுள் ஒன்று கைனகரி. புனித குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அடிகளார் 1805-ஆம் ஆண்டு பிறந்த ஊர் அதுவே. 2014 நவம்பர் 23-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் பிறந்த இல்லம் இன்று திருயாத்திரைத் தலமாக விளங்குகின்றது. படகிலேயே சென்று காணலாம்.

அடிகளார் 1868-ஆம் ஆண்டு தம் சொந்த ஊர் மக்களுக்கு மடல் ஒன்று வரைந்தார். நல்ல தந்தை ஒருவர் தம் மக்களுக்கு விட்டுச் செல்லும் மரண சாசனமாக அதனைக் கருதுமாறு வேண்டினார். அதன் முதற் பகுதி குடும்ப வாழ்வைப் பற்றியது. இரண்டாம் பகுதி பிள்ளை வளர்ப்பைப் பற்றியது. உயர்ந்த விருந்தினர் வந்திருப்பினும், குடும்பச் செபத்திற்குக் குறித்த நேரத்தை மாற்றலாகாது என்பது அவர் அறிவுரை. விடுமுறையிலும் அதனைக் கைக்கொள்வோமாக. படகு கரையில் கட்டப்பட்டதும் அனைவரும் கூடிச் செபமாலை சொல்வதற்கு அரைமணி நேரம் போதும்.

ஞாயிறு குறுக்கிடுமாயின், சம்பக்குளத்து மரியன்னை ஆலயமும், எடத்துவா புனித ஜார்ஜியார் ஆலயமும் அப்பகுதியிலேயே உள்ளன. எடத்துவாத் திருவிழாவிற்கு நம் கடற்கரை ஊர்களிலிருந்து மக்கள் திரளாகச் செல்வதை நாம் அறிவோம். மொழியும் வழிபாட்டு முறையும் வேறாயினும் திருப்பலி ஒன்றே அன்றோ?

உயிரினும் பெரிது வேறில்லை

தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 2023 மே 7-ஆம் நாள், ஞாயிறு மாலையில், உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களுள் சிறுவர் பலர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த உறவினர் பதினொருவர் அன்று மறைந்தனர். தானூர்ப் படகில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தனர்.

மேல்தளத்தில் பாரம் கூடுங்கால் படகு தன் நிலைப்பை இழக்கின்றது. காட்சியைக் காணும் ஆவலில் அனைவரும் ஒரு பக்கமாய் ஓடின், அது சாய்ந்துவிடுகின்றது. எனவே, படகின் பதிவுச் சான்றும் தகுதிச் சான்றும் காட்டுமாறு கேளுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று அறிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்கும் பொருந்தும் உயிர்காப்பு அங்கிகள் தலைக்கு ஒன்றாக உள்ளனவா என்று எண்ணிப் பாருங்கள். இவற்றைக் கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. திருப்தியில்லையேல், கொடுத்த முன்பணம் போனாலும் ஏறாதிருப்பதே அறிவுடைமை.

நாம் அங்கே விருந்தினர்

நமக்கு ஒரு நாள் இன்பந்தரும் அந்நீர், குட்டநாட்டு மக்களுக்கு அன்றாட வாழ்க்கை. அதில்தான் பாத்திரம் துலக்குகின்றனர், துணி துவைக்கின்றனர், மீன் பிடிக்கின்றனர். சுற்றிலும் நீர் சூழ்ந்திருந்தும், குடிநீர் படகில் வந்தே சேரவேண்டிய வீடுகள் அங்கே உண்டு. படகு வீடுகளின் கழிவும் எண்ணெயும் அந்நீரில் கலப்பது அவர்களது நெடுநாள் துயரம். கழிவுநீர்த் தொட்டி உள்ளதா, அதனை எங்கே அகற்றுகின்றீர் என்று படகுக்காரரிடம் கேட்பது நம் கடமை. நெகிழித் தாளொன்றையும் நீரில் எறியலாகாது. படித்துறையில் நிற்கும் பெண்களைப் படமெடுப்பதும், அமைதியான ஊரில் இரவெல்லாம் ஒலிபெருக்கியை முழக்குவதும் விருந்தினருக்கு அழகல்ல.

2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, குட்டநாட்டு மக்கள் பெருந்திரளாக இல்லங்களை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களை மீட்கப் படகு வீடுகளும் சென்றன. பணியாளர் உணவு பரிமாறுகையில் அதனை நினைவிற்கொள்வோம். அவரையும் பெயர் சொல்லி அழைத்து, அவர் உண்டாரா என்று கேட்குமாறு பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.

படகு வீட்டின் வாடகை எல்லார்க்கும் எட்டுவதன்று. கடன் வாங்கிச் செல்லவும் வேண்டா. ஆலப்புழையிலிருந்து அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணியர் படகுகள் குறைந்த கட்டணத்தில் இதே காயல் வழியே செல்கின்றன. பொதிசோறு கட்டிக்கொண்டு அப்படகில் ஏறும் குடும்பமும் இதே வயலையும் வானத்தையுமே காண்கின்றது. பள்ளிப் பிள்ளைகளோடும் மீன்கூடை சுமக்கும் தாய்மாரோடும் அருகமர்ந்து பேசும் வாய்ப்பு அதற்குக் கூடுதலாகக் கிட்டுகின்றது.

நம் ஆண்டவரும் தம் சீடரோடு படகேறிச் சென்றார். களைத்தபோது அதிலேயே கண்ணயர்ந்தார். இவ்விடுமுறையில் நாம் ஏறும் படகு எதுவாயினும், அவருக்கும் அதில் ஓர் இடம் வைப்போம்.