பழக்கம் விட்டாச்சு, முதுகுவலி விடலையே!



"தூளை விட்டு எட்டு மாசமாச்சு. ஆனா செம்பனைக் குலையைத் தூக்கினா முதுகு உசிர் போகுது. ஒரே ஒரு தடவைன்னு மனசு இழுக்குது." இப்படிச் சொல்பவர் உங்கள் வீட்டில் இருந்தால், நாடகம் ஆடுகிறார் என்று ஏசாதீர்கள். ஹெராயின், மார்ஃபின், கோடீன், டிராமடோல் எல்லாம் அபின் இனம். இவற்றில் நெடுநாள் ஊறிய உடம்பு சின்ன வலியையும் பெரிதாக உணரக்கூடும். விட்ட பிறகு அது மெதுவாகத்தான் தணியும்.

பழைய அளவை ஒரு தடவை எடுத்தாலும் உயிர் போகலாம். உடம்புக்கு இப்போது அந்தத் தாங்கும் சக்தி இல்லை. கெத்தும் தண்ணி "வெறும் இலைதானே" என்பார்கள். அதிலுள்ள சரக்கும் மூளையில் அதே இடத்தில்தான் வேலை செய்கிறது.

டாக்டரிடம் பழக்கத்தை மறைக்காதீர்கள். நம் நாட்டு அரசாங்கக் கிளினிக்குகளில் 2005 முதல் மெத்தடோன் கொடுக்கிறார்கள். அதைக் குடிப்பவர் தானாக நிறுத்தக் கூடாது. அது ஏக்கத்தை ஒரு நாள் அடக்கும். வலியை ஆறு முதல் எட்டு மணி நேரந்தான். ஆகவே வலிக்குத் தனியாக மருந்து கேட்பதில் தவறில்லை.

பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் ஆகாது. ஈரல் கோளாறு உள்ளவரும் குடிப்பவரும் கேட்காமல் தொடவே வேண்டாம். பெயர் தெரியாத உதிரி மாத்திரை வாங்காதீர்கள்.

ஆனால் மாத்திரையைவிட நடைதான் பெரிய மருந்து. நம்மவர் செய்யும் தப்பு என்ன தெரியுமா? வலி குறைந்த நாளில் மூணு நாள் வேலையை இழுத்துப் போட்டுச் செய்வது, பிறகு இரண்டு நாள் படுக்கை! வலி இருக்கிற நாளிலும் பத்து நிமிஷம் நடங்கள். இல்லாத நாளிலும் அளவோடு நிறுத்துங்கள். வாராவாரம் கொஞ்சம் கூட்டுங்கள். குலையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். இரவில் வெந்நீரில் பிழிந்த துணியைப் பதினைந்து நிமிஷம் வைத்தால் தூக்கம் வரும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலியும் கூடும், ஏக்கமும் கூடும்.

கால் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ, காய்ச்சலோடு முதுகு வலித்தாலோ விடியும்வரை காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.