எடைமேடையும் அட்டவணையும்

திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. இத்தகைய ஆலைகளில் கரும்பு லாரி எடைமேடையில் ஏறி நிற்கும். கருவியில் எண் தெரியும். விவசாயிக்கு வரவேண்டிய பணம் அந்த எண்ணைப் பொறுத்தது. கருவி காட்டும் எண்ணை அலுவலகக் கணிப்பொறியில் சேர்க்கும் மென்பொருளுக்கு ‘அடாப்டர்’ என்று பெயர். வேறு வேறு மொழி பேசும் இருவருக்கு நடுவே நிற்கும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அடாப்டருடன் ஓர் அட்டவணை வரும். அமைப்பின் பெயர், வகை, கட்டாயமா இல்லையா, ‘டிபால்ட்’ மதிப்பு, விளக்கம் என்று அதில் பத்திகள் இருக்கும். டிபால்ட் என்பது, நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் மென்பொருள் தானாகவே எடுத்துக்கொள்ளும் மதிப்பு. ஊன்றிப் படிக்க வேண்டியது இந்தப் பத்தியைத்தான்.

வேகத்துக்கு டிபால்ட் 9600 என்றிருக்கிறது; அதாவது வினாடிக்கு 9600 பிட்டுகள். ஓர் எழுத்துக்குப் பொதுவாக 10 பிட்டுகள் வேண்டும். ஆகவே வினாடிக்கு 960 எழுத்துகள். கருவி 4800 வேகத்தில் அனுப்பினால் கணிப்பொறியில் பொருளற்ற குறிகள் விழும். இந்தத் தவறாவது உடனே கண்ணில் படும்.

காத்திருக்கும் நேரத்துக்கு டிபால்ட் 5000. விளக்கத்தில் ‘மில்லி வினாடி’ என்றிருக்கும். அதைக் கவனியாமல், 5 வினாடி போதுமென்று நினைத்து 5 என்று எழுதினால்? முதல் எழுத்து தொடங்கியதிலிருந்து எண்ணினாலும், 5 மில்லி வினாடியில் முழுதாக வந்து சேர்வது 4 எழுத்துகளே. நல்ல அடாப்டர் ‘பிழை’ என்று நின்றுவிடும். வந்தவரை போதுமென்று வாங்கிக்கொள்ளும் அடாப்டரோ 24680 கிலோவை 2468 என்று பதிந்துவிடும்!

ஆகையால் மதிப்பு எதையேனும் மாற்றியபின் லாரி ஒன்றை மேடையில் ஏற்றி, கருவியின் எண்ணும் கணிப்பொறியின் எண்ணும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.